பசிபிக் வர்த்தகக் கணக்குக்கு ஐ.நா. காம்டிரேட்: எதற்கு உதவும், எங்கே இடறும்

2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்க, சீன வர்த்தகம் எந்த அளவுக்குச் சமநிலைக்கு வந்தது என்று தானே கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு, இலவசமாகக் கிடைப்பதில் ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத் தளமான காம்டிரேட் முதலிடம் பெறும். யார் யாருக்கு என்ன சரக்கு விற்றார்கள் என்பதை ஆறு இலக்க ஹெச்எஸ் குறியீடு, அதாவது சரக்குகளை வகைப்படுத்த நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எண், வரை பிரித்துக் கொடுக்கிறது. பதிவு செய்யாதவருக்கு 500 தரவு வரிசைகள்தான் கிடைக்கும். ஆகவே இலவசப் பதிவை முதலில் முடித்துவிடுங்கள்.

தகவல் தரும் நாடு அமெரிக்கா 842, கூட்டாளி சீனா 156, பொருள் 'மொத்தம்', ஆண்டு 2006 முதல் 2012 வரை என்று கொடுத்து எடுங்கள். பிறகு நாடுகளை இடம் மாற்றி மறுபடி எடுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாது. 2010இல் அமெரிக்காவுக்கு அனுப்பியதாகச் சீனா சொல்வது சுமார் 28,300 கோடி டாலர். சீனாவிலிருந்து வாங்கியதாக அமெரிக்கா சொல்வது சுமார் 38,300 கோடி. இது தளத்தின் பிழை அல்ல. ஹாங்காங் வழியாகப் போகும் சரக்கின் கடைசி இடம் தெரியாதபோது சீனா அதை ஹாங்காங் பெயரில் எழுதிவிடுகிறது. அமெரிக்கா பொருள் உற்பத்தியான நாட்டைப் பார்த்துச் சீனா என்றே பதிகிறது. நடுவில் வணிகர் வைத்த லாபமும் அந்த விலையில் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு ஏற்றுமதி, கப்பலில் ஏற்றும் வரையான எஃப்ஓபி விலை, இறக்குமதியோ கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் விலை. அமெரிக்க சென்சஸ் பீரோவின் சுங்க மதிப்பில் அதே இறக்குமதி 36,500 கோடிதான். ஒரு கட்டுரைக்கு ஒரே தரப்பின் கணக்கை எடுத்து, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

அடுத்த பள்ளம் குறியீட்டு மாற்றம். செல்போன் 2007க்கு முன் 852520, அதன்பின் 851712, 2022இலிருந்து ஸ்மார்ட்போனுக்கு 851713. இது தெரியாமல் ஒரே குறியீட்டில் தேடினால், நெருக்கடிக்குச் சற்று முன் வர்த்தகமே அற்றுப்போனது போல வரைபடம் காட்டும். தைவானைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது. 'பிற ஆசியா' 490 என்ற வரியைத்தான் அதற்குப் பயன்படுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் மின்னணுப் பாகங்களின் கதையில் பாதி போய்விடும்.

இந்தச் சேவையில் அதிகம் பேர் தொடாத, மிகவும் பயனுள்ள நெடுவரிசை நிகர எடை. சீனாவின் இரும்புத் தாது இறக்குமதியை, குறியீடு 2601, எடுத்துப் பாருங்கள். 2008இல் சுமார் 44 கோடி டன், 2009இல் சுமார் 63 கோடி டன். டாலர் மதிப்போ 2009இல் குறைந்தது, ஏனென்றால் தாது விலை சரிந்திருந்தது. மதிப்பை மட்டும் பார்த்தவர் சீனா வாங்குவதைக் குறைத்தது என்று எழுதுவார். எடையைப் பார்த்தவருக்கு 2008 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டம், பாலமாகவும் ரயில் பாதையாகவும் மாறிக்கொண்டிருந்தது புரியும்.

ஆனால் சமநிலை வந்ததா என்ற பெரிய கேள்விக்குக் காம்டிரேட் மட்டும் போதாது. சென்சஸ் பீரோ கணக்கில் சீனாவுடனான அமெரிக்கச் சரக்குப் பற்றாக்குறை 2008இல் 26,800 கோடி டாலர், 2009இல் 22,700 கோடி, 2010இல் மறுபடி 27,300 கோடி. இதைப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. சீனாவின் மொத்த நடப்புக் கணக்கு உபரி, அதாவது சரக்கு, சேவை, வருமானம் எல்லாம் சேர்த்து உலகத்தோடு அதற்கு மிஞ்சுவது, 2007இல் ஜிடிபியில் ஏறக்குறைய 10 சதவீதமாக இருந்து, 2011இல் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. ஜப்பான், கொரியா, தைவான் பாகங்களைச் சீனா கோத்து அனுப்பினாலும் முழு விலையும் சீனாவின் பெயரில்தான் விழும். இரு நாட்டுக் கணக்கால் அதைப் பிரிக்க முடியாது. அதற்கு, பொருளின் விலையில் எந்த நாடு எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் மதிப்புக்கூட்டு வர்த்தகத் தரவுத்தளம் வேண்டும்; பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பான டபிள்யூடிஓவும் 2013இல் கொண்டு வந்தது அது. சேவைகளுக்கும் உள்நாட்டுச் செலவுக்கும் உலக வங்கியின் தரவுக்குப் போங்கள். உபரி குறைந்த அந்த ஆண்டுகளில் சீனாவின் முதலீடு ஜிடிபியில் 45 சதவீதத்தைத் தாண்டியதும், குடும்பங்களின் நுகர்வு 35 சதவீதத்தை ஒட்டியே கிடந்ததும் அங்கேதான் தெரியும்.

இறக்கிய கோப்பில் கூட்டுத்தொகை போடும் முன் கூட்டாளி 0, அதாவது 'உலகம்', என்ற வரியை நீக்குங்கள். இரண்டு, நான்கு, ஆறு இலக்கக் குறியீடுகளில் ஒரே நிலையை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே சரக்கை இரண்டு மூன்று முறை எண்ணிவிடுவீர்கள்.