மேற்கு மாம்பலத்து மழலையர் பள்ளி: நோட்டுக்கு முழு மதிப்பெண், வாட்ஸ்அப்புக்குப் பூஜ்யம்

பேத்தியை இங்கே சேர்த்து 10 மாதம் ஆகிறது. கட்டடம் சுமார்தான்; வாசலில் ஆட்டோ நிற்கக்கூட இடமில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசிரியை ஒரு நோட்டு எழுதுகிறார்.

ஜூலை மாதப் பக்கம் ஒன்று: 'மணலில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றினாள். "தண்ணீரை யார் குடித்தது?" என்று கேட்டாள். அவசரப்பட்டு நானே பதில் சொல்லிவிட்டேன். அவளை யோசிக்க விட்டிருக்கலாம்.' மறுநாள் சல்லடையும் பழைய துணியும் கொடுத்து விளையாட விட்டாராம். நானும் 30 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள். என் பாடக்குறிப்பேடு முழுக்கத் தலைமையாசிரியரின் கையெழுத்துக்காக எழுதியது. சறுக்கியதை ஒருநாளும் எழுதியதில்லை.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகளில் குழந்தைகளின் பேச்சையும் படங்களையும் பதிந்துவைத்து ஆசிரியர்கள் கூடி விவாதிப்பார்கள். நியூசிலாந்தில் இதையே 'கற்றல் கதை'யாக எழுதுகிறார்கள்.

நவராத்திரிக்குப் பிறகு நோட்டு இளைத்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் 40 படம் வருகிறது. ஒரு வரி விளக்கம் இல்லை. கேட்டால், "22 குழந்தைகளுக்கு நான் ஒருத்திதானே அம்மா" என்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நிர்வாகம் ஓர் உதவியாளரை வைக்கலாம். சேர்க்கும் முன் இந்த மாத நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஜூலை மாதத்தை அல்ல.