ஆஸ்பெஸ்டாஸ் கேஸ் எடுக்கும் வக்கீல் அலுவலகம்: நான் போடும் மார்க் 5-க்கு 4

ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவருக்கே நோய் வந்தால் கேஸ் எடுக்க வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர் துணியைத் துவைத்தவருக்கு வந்தால் பலர் போனிலேயே கையை விரித்துவிடுகிறார்கள். எங்கள் அம்மாவுடையது இந்த இரண்டாவது ரகம். அப்பா 1971-லிருந்து மின்நிலைய பாய்லர்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வெப்பக்காப்பு போடும் வேலையில் இருந்தார். அம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மீசோதீலியோமா வந்தது அம்மாவுக்கு. நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் புற்றுநோய் இது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி மூச்சோடு உள்ளே போய் 30, 40 வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்ட ஒன்றிரண்டு இடங்கள் வக்கீல் அலுவலகமே இல்லை. நம் பெயரையும் நோயையும் குறித்துக்கொண்டு வேறு யாருக்கோ கைமாற்றிவிடும் கால் சென்டர்கள். "எங்க கேஸை நடத்தப்போற வக்கீல் யாரு?" என்று கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். கடைசியில் நாங்கள் போனது தொழில்நோய் வழக்குகளை மட்டுமே எடுக்கும் ஒரு சின்ன அலுவலகம்.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது விசாரிக்கும் விதம். வீட்டுக்கே வந்த பெண் வக்கீல், ஸ்கேனையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, "துணியை நனைக்கிறதுக்கு முன்னாடி உதறுவீங்களாம்மா?" என்று ஆரம்பித்தார். அம்மா கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து உதறியே காட்டினார். வீட்டுக்குள்ளா, வெளியிலா? கதவு திறந்திருக்குமா? பாக்கெட்டைப் புரட்டினால் என்ன விழும்? "வெள்ளையா மாவு மாதிரி கொட்டும். தையல் ஓரத்துல அப்பிக்கிட்டு இருக்கும், நகத்தால சுரண்டணும்" என்றார் அம்மா. கம்பெனியில் துணி மாற்ற இடம் இருந்ததா, அங்கேயே சலவை உண்டா, அப்பா எந்த வருஷம் எந்த மின்நிலையத்தில் இருந்தார் என்று கேள்விகள் நீண்டன. மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, அன்றைக்கே முழு வாக்குமூலத்தையும் வீடியோவில் பதிவு செய்துவிட்டார். இந்த நோயில் அதுதான் சரி. கோர்ட் தேதி வரும்வரை நோயாளி பேசும் நிலையில் இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

வருஷத்தை ஏன் இப்படித் துருவுகிறீர்கள் என்று கேட்டேன். லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்ற இருவர் 1965-ல் வெளியிட்ட ஆய்விலேயே, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் வீட்டாருக்கும் இந்த நோய் வந்தது பதிவாகியிருக்கிறதாம். அதில் கணவரின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிகளும் உண்டு. அதற்கப்புறமும் "துணியோடு வீட்டுக்குப் போகும் தூசி ஆபத்து என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கம்பெனி கேட்டால் எடுபடுவது கஷ்டம். அம்மா துவைக்க ஆரம்பித்தது 1971-ல். கேஸ் நின்றதே அந்த வருஷத்தின் மேல்தான். முன்பு கையை விரித்தவர்கள் யாரும் அதைக் கேட்கக்கூட இல்லை.

கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு இன்சூரன்ஸ் கொடுத்த நிறுவனத்தைத் தேடிப் பிடித்து நோட்டீஸ் அனுப்பியதும் இந்த அலுவலகம்தான். இத்தனை வருஷம் கழித்துக் கேஸ் செல்லுமா என்ற பயம் எனக்கு இருந்தது. பல நாடுகளில் காலவரம்பை எண்ணுவது தூசியை சுவாசித்த நாளிலிருந்து இல்லை, நோய் தெரிந்த நாளிலிருந்துதான். விசாரணைக்குப் போகாமலே சமரசமாகி, அம்மா இருக்கும்போதே பணம் வந்தது.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் கணக்கு. "ஜெயித்தால்தான் கட்டணம்" என்றார்கள். வக்கீல் கட்டணத்துக்கு அது சரி. மருத்துவ நிபுணர் அறிக்கைக்கான செலவு தனி என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் சொல்வதில்லை. தோற்றால் அந்தச் செலவு யார் தலையில், ஜெயித்தால் அதைக் கழிப்பது அவர்களுடைய சதவீதத்தை எடுப்பதற்கு முன்பா பின்பா என்பதைக் கையெழுத்துக்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள். போன் எடுப்பதும் சுமார்தான். மெயிலில் கேட்டால் பதில் வரும்.

எங்களுக்குச் சாட்சி சொன்ன, அப்பாவோடு வேலை பார்த்த பெரியவருக்கும் ஸ்கேனில் நுரையீரல் உறையில் தழும்புகள் இருந்தன. தனக்கும் கேஸ் போடலாமா என்று கேட்டார். வெறும் தழும்புக்கு இப்போது நஷ்டஈடு வாங்க முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஸ்கேனைப் பத்திரமாக வைக்கவும், வேலை பார்த்த இடங்களையும் கூட இருந்தவர்களின் பெயர்களையும் இப்போதே எழுதி வைக்கவும், மூச்சு வாங்க ஆரம்பித்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வரவும் சொன்னார்கள். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும், சிகரெட்டை விடுங்கள் என்றும் ஒரு வார்த்தை. பெரியவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஆலோசனைக்கு அவரிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.