கூப்பனா, புள்ளியா, வங்கி அட்டைக் கழிவா? ஒரு வெள்ளவத்தை வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். சாமான் செலவை நான் கொப்பியில் குறிக்கத் தொடங்கியது 2022 செப்டெம்பரில். கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட மாதம் அது. முந்தின வருடம் வாங்கிய அதே சாமானுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு கொடுத்தோம். அன்றிலிருந்து சுப்பர் மார்க்கெட்டில் மிச்சம் பிடிக்க மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்: கூப்பனும் வவுச்சரும், கடைக்காரர் தரும் புள்ளிகள், வங்கிக் கடனட்டைக்கு வரும் வார இறுதிக் கழிவு. இப்போது நான் நம்பியிருப்பது மூன்றாவதைத்தான்.

புள்ளிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கீல்ஸுக்கு நெக்சஸ், ஆர்ப்பிகோவுக்கு பிரிவிலேஜ் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒன்று இருக்கிறது. இலவசம்தானே, சேர்ந்துவிடுங்கள். காசாளரிடம் மறக்காமல் நம்பரைச் சொல்லுங்கள். சேர்ந்த புள்ளியை ஒரு பெரிய பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளிக்காகக் கடையை மாற்ற வேண்டாம். சேர்வது அவ்வளவு மெதுவாகத்தான்.

கூப்பன் என்றாலே மாமிக்கு வேறு நினைவு வரும். 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு 1979 இல் உணவு முத்திரையாக மாறும்வரை அவருடைய வீட்டில் கூப்பன் புத்தகம் அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்கியதாம். "துலைஞ்சா அந்தக் கிழமை அரிசி இல்லை, பிள்ளை. கண்ணில படுற இடத்தில கொழுவி வைக்கவேணும்" என்பார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. தீபாவளிக்கு என் கணவருடைய கந்தோரில் கொடுத்த நான்கு 500 ரூபாய் வவுச்சர்களை ஒரு கடித உறையில் போட்டு, உறையை மேசை லாச்சியில் வைத்தேன். பில் கட்டும்போது எடுத்து நீட்டினால், காசாளர் பிள்ளை கீழே பொடி எழுத்தில் இருந்த திகதியை விரலால் காட்டினார். முடிந்து மூன்று கிழமை. இரண்டாயிரம் ரூபாய் அப்படியே போனது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, கூடையிலிருந்து இரண்டு சாமான்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வவுச்சர் கிடைத்தால் நல்லதுதான், அது கிட்டத்தட்டக் கைக்காசு. ஆனால் அது நாமாகத் தேடிப் பிடிக்கக்கூடிய வழி அல்ல. யாராவது தந்தால்தான் உண்டு. பில்லின் அடியில் அச்சாகி வரும் கூப்பன்கள் எனக்குக் கிடைத்தது குறைவு. அதிலும் நாங்கள் வழக்கமாக வாங்காத சாமானுக்குத்தான் பெரும்பாலும் வந்தன.

அப்புறம் வங்கி அட்டை. மரக்கறி, பழம், மீன், இறைச்சிக்கு 20, 25 வீதம் கழிவு என்று குறுஞ்செய்தி வரும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நாள், ஒரு கடை. வீதத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடுகிறோம். நானும் ஓடினேன். கொப்பியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, கழிவைத் தின்பது குறைந்தபட்ச பில் தொகை என்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். மீனும் பழமும் 4,500 ரூபாய்க்கு எடுத்திருக்கிறீர்கள். 25 வீதம் என்றால் 1,125 ரூபாய் மிச்சம். ஆனால் பில் 5,000 ஆனால்தான் கழிவு. சரி என்று பிஸ்கட், ஜூஸ் என்று தேவையில்லாத 500 ரூபாய்ச் சாமானைக் கூடையில் போடுகிறோம். உண்மையான மிச்சம் 625 ஆகிவிட்டது. 25 வீதம் 14க்கும் கீழே இறங்கிவிட்டது. இதோடு உச்சவரம்பும் இருக்கும். 1,000 ரூபாய்தான் உச்சம் என்றால், 4,000 ரூபாய் மீனோடு கழிவு முடிந்தது. அதற்கு மேல் எடுப்பது முழு விலை.

இதற்கு நான் கண்ட வழி எளிது. பால்மா, சவர்க்காரம், தேயிலை போன்ற பொதிகளில் விலை அச்சடித்திருக்கும். அதற்கு மேல் எந்தக் கடையும் விற்கக்கூடாது. ஒழுங்கைக் கடையில் வாங்கினாலும் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே கிழமை நாட்களில் இவை முடியும்போது உடனே வாங்குவதில்லை. ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். சனிக்கிழமை மீன் வாங்கப் போகும்போது பில் எட்டாமல் நின்றால், அந்தத் தாளிலிருந்து எடுத்து நிரப்புகிறேன். எப்படியும் வாங்கப் போகிற சாமான்தானே, ஒரு சதமும் வீணில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில கழிவுகளில் மீன், மரக்கறி மட்டுமே அந்தக் குறைந்தபட்சத் தொகைக்குச் சேரும். அப்படியான வாரம் நான் அந்தக் கடைக்குப் போவதே இல்லை.

தாள் இருப்பது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மாமி சொன்ன மாதிரியே கண்ணில் படும் இடத்தில். மேல் பாதியில் கிழமையின் ஏழு நாட்கள். எந்த வங்கி, எந்தக் கடை, எவ்வளவு வீதம், குறைந்தபட்சம், உச்சவரம்பு, கழிவு முடியும் திகதி. திகதியைச் சிவப்புப் பேனையால் எழுதுகிறேன். கீழ்ப் பாதியில் காத்திருக்கும் சாமான்கள். வவுச்சர் வந்தால் அதே காந்தத்துக்கு அடியில். மாத முடிவில் வங்கிகள் நாளையும் கடையையும் மாற்றிவிடும் என்பதால், முதலாம் திகதி இரவு கால் மணித்தியாலம் இருந்து புதிதாக எழுத வேண்டும். இந்த வழியில் எனக்குள்ள பராமரிப்பு வேலை அவ்வளவுதான். இவருடைய அட்டை வேறு வங்கி என்பதால் சனி எனக்கு, ஞாயிறு அவருக்கு என்று பிரித்துக்கொள்கிறோம்.

கடனட்டைப் பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்ட முடியாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். வட்டி ஏறினால் மீனில் பிடித்த மிச்சம் ஒரே மாதத்தில் காணாமல் போகும். டெபிட் அட்டைக்கும் சில கழிவுகள் உண்டு. நான் பாவித்தது இரண்டு தடவைதான், வீதமும் குறைவாக இருந்தது. அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

கழிவு கிடைத்தாலும் மரக்கறியில் நான் சுப்பர் மார்க்கெட்டுக்கு மாறவில்லை. கீரை, முருங்கைக்காய், பச்சை மிளகாய் எல்லாம் காலையில் வெள்ளவத்தைச் சந்தையில்தான். நான் குறித்த வரையில், 25 வீதம் கழித்த பிறகும் சந்தை விலை பல வாரங்களில் குறைவாகவே இருந்தது. பழத்திலும் கோழியிலும் அப்படி இல்லை, அங்கே அட்டைதான் வெல்கிறது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பும் செத்தல் மிளகாயும் மொத்தமாக எடுப்பவர்கள் இன்னும் மலிவு என்கிறார்கள். நான் மூன்று தடவை போனேன். முச்சக்கர வண்டிக் காசைச் சேர்த்தால் எங்கள் வீட்டு அளவுக்குக் கட்டுபடியாகவில்லை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே ஓட்டோவில் போய்ப் பங்கு பிரித்தால் எப்படி வரும் என்று பொங்கலுக்கு முன் ஒருமுறை பார்க்க இருக்கிறேன்.