துணிக்கடையில் இரண்டு வருடம்: ஓஎஸ்நெட் அனுபவம்

மூன்று மாடித் துணிக்கடை, எட்டு கேமரா. உள்ளே வந்தவர் எந்த மாடியில் எவ்வளவு நேரம் இருந்தார், பில் போடாமல் போனவர் எந்தப் பிரிவிலிருந்து திரும்பினார் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். முகமோ பெயரோ தேவையில்லை. இந்தக் கேமராவில் தெரிந்த ஆள்தான் அந்தக் கேமராவிலும் தெரிகிறாரா என்று கண்டுபிடித்தால் போதும். அதற்கு, ஆளை மறுபடி அடையாளம் காண உதவும் இலவச மென்பொருள் தொகுப்பான டார்ச்ரீஐடியில் கிடைக்கும் ஓஎஸ்நெட் என்ற ஏஐ மாடலை இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.

மாடல் சின்னது, சுமார் 22 லட்சம் அளவுருக்கள் (பயிற்சியில் அது கற்றுவைத்த எண்கள்)தான். பழைய கிராஃபிக்ஸ் கார்டிலேயே முணுமுணுக்காமல் ஓடுகிறது. ஆளை மட்டும் வெட்டி 256-க்கு 128 பிக்சல் படமாகக் கொடுத்தால் அவர் தோற்றத்தைக் குறிக்கும் 512 எண்கள் தரும். இரண்டு படங்களின் எண்கள் நெருங்கி வந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய மாடல்களைச் சோதிக்கப் பயன்படும் மார்க்கெட்-1501 என்ற படத்தொகுப்பில் முதல் விடையே சரியாக வருவது 94 சதவீதத்துக்கு மேல். அதை நம்பித்தான் இறங்கினேன். ஆனால் அது சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக வளாகத்தில் 6 கேமராக்கள் எடுத்த படங்கள். அங்கே பகல் வெளிச்சம். இங்கே பட்டுப் பிரிவின் மஞ்சள் விளக்கில் பச்சை என்ன, நீலம் என்ன?

முதல் வார ரிப்போர்ட்டில் ஒரு பெண் காலை ஒன்பதரைக்கு வந்து, மூன்று மாடியும் சுற்றி, கடை மூடும்வரை எதுவும் வாங்காமல் இருந்தார். “யாருப்பா அந்தம்மா?” என்றார் முதலாளி. பார்த்தால், மெரூன் புடவை யூனிஃபார்மில் இருந்த விற்பனைப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த ஒரே அம்மா. இப்போது மெரூனை முதலிலேயே கழித்துவிடுகிறேன். மெரூனில் வரும் வாடிக்கையாளரும் கூடவே கழிந்துபோகிறார், என்ன செய்ய.

இன்னொரு தலைவலி கண்ணாடி. புதுப்புடவையைத் தோளில் போட்டுப் பார்த்த நொடியே, மாடலுக்கு அவர் வேறு ஆள். அதனால் ஒருவர் கேமராவை விட்டு நகராதவரை பல படங்களின் எண்களைச் சராசரி எடுக்காமல் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறேன்; அடுத்த கேமராவில் அவற்றில் எது பொருந்தினாலும் சரி.

அதிகம் கைகொடுத்தது மாடலே இல்லை, ஒரு சாதாரண அட்டவணை: எந்தக் கேமராவிலிருந்து எந்தக் கேமராவுக்குப் போகக் குறைந்தது எத்தனை நொடி ஆகும் என்று. தரைத்தளத்தில் இருந்தவர் பத்து நொடியில் மேல்மாடியில் நிற்க முடியாது அல்லவா? அதுவும் முதலில் சொதப்பியது. வாரக்கணக்கில் திரெஷோல்டை (எண்கள் எவ்வளவு நெருங்கினால் ஒரே ஆள் என்ற எல்லையை) ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான், ஒரு ரெக்கார்டரின் கடிகாரம் நாற்பது நொடி முந்தி ஓடுவது தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே டைம் சர்வரோடு இணைத்தேன். அப்புறம் நம் கடைப் படங்களையே கையால் பிரித்து மறுபயிற்சி கொடுத்தேன். கண் போய்விட்டது, ஆனால் பலன் உண்டு.

வெட்டிய படங்களை அன்று இரவே அழித்துவிடுகிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் படம்பிடித்த தொகுப்பை 2019-இல் திரும்பப் பெற்ற கதையைப் படித்ததிலிருந்து இந்தப் பழக்கம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் இதை நிறுத்திவிடுவேன். அந்தக் கூட்டத்தில் தலைக்குக் கீழே எதுவும் தெரியாது. வாசல் கேமராவில் தலையை எண்ணி, அந்தக் கணக்கை மட்டும் அனுப்புகிறேன்.