கேல்கரி காரிசன் கிரீன்: தெருப்பெயர்களுக்காகவே ஒருமுறை நடந்து பார்க்கலாம்

கனடாவின் கேல்கரி நகரில் மவுண்ட் ராயல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது காரிசன் கிரீன் என்ற குடியிருப்பு. நண்பர் ஒருவர் அங்கே குடிபோனபோது அனுப்பிய முகவரியில் 'மைக் ரால்ஃப் வே' என்று இருந்தது. யாரோ பழைய மேயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தால், அவர் ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன கனடியப் படைவீரர், 1992 ஆகஸ்டில் குரோஷியாவில் கண்ணிவெடிக்குப் பலியானவர். அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன், இந்த முறை நடப்பதற்காக மட்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'அமைதிப்படை' என்றதும் நம்மில் பலருக்கு 1987 யாழ்ப்பாணம்தான் கண்முன் வரும், அந்தக் கசப்பு லேசில் போகாது. இங்கே சொல்வது ஐ.நா.வின் நீலத்தொப்பி அணிந்து போனவர்களை.

இந்த நிலமே பழைய படைத்தளம். 1998இல் தளத்தை மூடிய பிறகு வீடுகள் எழுந்தன. அதே தளத்து நிலத்தில் வந்த பக்கத்துக் குடியிருப்புகளில் டியெப், நார்மண்டி என்று போர்க்களங்களின் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. காரிசன் கிரீனில் அமைதிப் பணிக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்தது. போர்க்களத்தின் பெயரைப் படித்தால் வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வருகிறது. ஓர் ஆளின் பெயரைப் படித்தால் இவர் யார், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, என் மகளும் அதைத்தான் கேட்டாள். அதுவும் பெரிய நெடுஞ்சாலைக்கு வைக்காமல், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் சின்னத் தெருவுக்கு வைத்ததால், பால் வாங்கப் போகிறவரும் பார்சல் கொண்டு வருகிறவரும் தினமும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

குடியிருப்புக்குள்ளேயே பீஸ்கீப்பர் பார்க் இருக்கிறது. அமைதிப் பணியில் இறந்த கனடியர்களின் பெயர்கள் பொறித்த சுவர் ஒன்றும், ஒரு வீரர் சிறுமிக்குப் பொம்மை கொடுக்கும் வெண்கலச் சிலையும் இருக்கின்றன. அந்தப் பொம்மைக்குப் பின்னால் மார்க் இஸ்ஃபெல்ட் என்ற கனடியப் படைவீரரின் கதை இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் பணியில் குரோஷியாவில் இருந்தவர், இடிபாடுகளுக்கு நடுவே கிடந்த ஒரு பொம்மையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அதைப் பார்த்த அவருடைய அம்மா, பொம்மையைத் தொலைத்த குழந்தையை நினைத்து நூலில் சின்னச் சின்னப் பொம்மைகள் பின்னி அனுப்ப ஆரம்பித்தார், மகன் அவற்றை அங்கிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1994 ஜூன் 21 அன்று கண்ணிவெடி அவரைக் கொன்றது, வயது 31. கூட இருந்த வீரர்கள் அந்தப் பொம்மைகளை அவருடைய செல்லப்பெயரால் 'இஸ்ஸி பொம்மை' என்று அழைத்தார்கள், அம்மாவும் பின்னுவதை நிறுத்தவில்லை. சிலைக்கு முன்னால் இதை மகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரே குறை. தெருமுனையில் நின்று பெயரைப் படிக்கிறவருக்கு அந்த ஆளின் கதை அங்கேயே கிடைக்க வேண்டும். எந்த ஆண்டு, எந்த நாடு, எப்படி இறந்தார் என்று இரண்டு வரி எழுதிய சின்னப் பலகை ஒவ்வொரு முனையிலும் இருந்தால் போதும். அது இல்லாததால்தான் நான் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் திரும்பினேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், குறைத்த அந்த ஒன்று இதற்காக.

போகிறவர்கள் ஆகஸ்ட் 9 அன்று போகலாம், கனடாவில் அமைதிகாப்போர் நாள். 1974இல் அதே தேதியில், சிரியாவுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே கோலான் பகுதியில் இருந்த ஐ.நா. அமைதிப்படைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு டமாஸ்கஸ் நோக்கிப் போன கனடிய பஃபலோ விமானத்தைச் சிரிய ஏவுகணைகள் வீழ்த்தின, உள்ளே இருந்த 9 பேரும் இறந்தார்கள். தனியாக நின்று பெயர்களைப் படிக்க வேண்டும் என்றால் வேறொரு நாள் சாயங்காலம் போங்கள். முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் பூங்காவை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தெருக்களுக்குள் நடங்கள்.