மோட்டார் எரிஞ்சிட்டுன்னு சொன்னா உடனே நம்பாதீங்க: பேட்டரி ஸ்பிரேயர் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு விவசாயியின் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கு ரிப்பேர் கடையில் போட்ட பில் இது: மோட்டார் 950, பேட்டரி 1,400, சர்வீஸ் 250. ஆக மொத்தம் 2,600 ரூபாய். பிசானப் பருவ நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கும் நேரம். "காயில் எரிஞ்சிட்டு அண்ணாச்சி, பேட்டரியும் போச்சு" என்றால் யார் நின்று பேரம் பேசுவார்?

புது மோட்டார் போட்டும் சில டேங்க் அடித்ததும் மெஷின் பழையபடி நின்றுவிட்டது. நல்லவேளையாக அவர் பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதை பைக் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் ஜம்மென்று ஓடுகிறது. கோளாறு இருந்தது பேட்டரி பாசிட்டிவில் செருகும் லக்கில், அதாவது ஒயர் நுனியில் இருக்கும் உலோகக் கிளிப்பில். உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. கடையில் மோட்டாரை மாற்றும்போது லக்கைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் தொடர்பு கிடைத்து ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏமாற்று எளிதாகச் செல்லுபடியாவதற்கு ஒரு காரணம் உண்டு. மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும், மறுபடி மாட்டினால் மோட்டார் மட்டும் ஓடாது. "கரண்ட் வருது, மோட்டார் ஓடல, அப்போ மோட்டார்தான் போச்சு" என்பார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்த மீட்டர் இழுப்பது மிக மிகச் சிறிய கரண்ட். பச்சை பூத்த லக்கு வழியாகவும் அதற்கு முழு வோல்ட் கிடைத்துவிடும். மோட்டாருக்கோ 2 முதல் 4 ஆம்பியர் வேண்டும். அதை இழுக்கத் தொடங்கியதும் வோல்டேஜ் முழுவதையும் அந்த மோசமான இணைப்பே தின்றுவிடுகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடு, யூரியா கரைசல் எல்லாம் பேட்டரி பெட்டிக்குள் கசியும் மெஷினில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். களக்காடு பக்கம் வாழைக்கு இலைப்புள்ளி மருந்து அடிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நாஸிலை மேலே தூக்கி அடிப்பதால் மருந்து முதுகு வழியாக வழிந்து இறங்கும்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். டி.சி. 20 வோல்டில் வைத்து, சுவிட்சைப் போட்டு, வேகத் திருகை முழுசாகத் திருப்பி, ஸ்பிரே கன்னைத் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் தகட்டிலேயே வையுங்கள், அதில் செருகிய லக்கில் வைக்காதீர்கள். கறுப்பு முனை மோட்டாருக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில். மோட்டார் ஓடும்போது 0.3 வோல்டுக்குள் காட்டினால் அந்த வழி சுத்தம். 2, 3 வோல்ட் காட்டினால் இடையில் எங்கோ அடைப்பு. 12 வோல்டுமே காட்டினால் அந்த வழி அறுந்துபோனது மாதிரிதான். கறுப்பு முனையை வேகத் திருகு, சுவிட்ச், பியூஸ், லக்கு என்று ஒவ்வொன்றாகப் பேட்டரிப் பக்கம் கொண்டு வாருங்கள். எதைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. நெகட்டிவ் பக்கமும் இதே சோதனை. லக்கை உப்புத்தாளில் தேய்த்து, இளகியிருந்தால் பிளையரால் லேசாக இறுக்கி மாட்டுங்கள். பச்சை ஒயருக்குள்ளும் ஏறியிருந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புது லக்கு போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? பம்பின் தலையில் இருக்கும் பிரஷர் சுவிட்சைப் பாருங்கள், கன்னை மூடினால் மோட்டாரை நிறுத்துவது அதுதான். அதன் இரண்டு ஒயரையும் கழற்றி, கன்னைத் திறந்து வைத்தபடி சில விநாடி மட்டும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். மோட்டார் ஓடினால் சுவிட்ச்தான் போயிருக்கிறது. அது தனியாகவே கிடைக்கும். ஒயரை முறுக்கி அப்படியே விட்டுவிடாதீர்கள். கன்னை மூடியதும் பிரஷர் ஏறி ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும்.

பியூஸ் அடிக்கடி போனால் பெரும்பாலும் பம்புக்குள் மருந்து காய்ந்து இறுகியிருக்கும். கழுவிச் சரிசெய்யுங்கள். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றித் தரும் கடைக்காரரிடம் மறுபடி போகவே வேண்டாம். அப்போதுதான் காயில் நிஜமாகவே எரியும்.

இனி பேட்டரி. அவருக்குப் போட்டுக் கொடுத்ததில் 12 வோல்ட் 8 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) என்று ஸ்டிக்கர். தராசில் வைத்தால் 1.7 கிலோ. அந்த அளவு லெட் ஆசிட் பேட்டரி சுமார் இரண்டரை கிலோ இருக்க வேண்டும். ஈயம் குறைந்தால் ஏ.எச். எங்கிருந்து வரும்? வாங்கும்போதே எடை போடுங்கள். முழு சார்ஜ் ஏற்றிக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து 12.7க்குக் குறையாமல் நிற்க வேண்டும். மோட்டார் ஓடும்போது சில நிமிடத்திலேயே 10.5க்கு இறங்கினால் அது செத்த பேட்டரி. நல்ல 8 ஏ.எச். பேட்டரி 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓட்டும். பழைய பேட்டரியைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், அதில் இருக்கும் ஈயத்துக்கே காசு உண்டு. பிசானம் முடிந்து அடுத்த கார் பருவம் வரை மூலையில் கிடக்கும் மெஷினுக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் நல்ல பேட்டரியும் கெட்டுப்போகும். அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

இதைவிட ஆபத்தானது, "லித்தியம் போட்டுட்டேன், வெயிட் கம்மி" என்று மாற்றிக் கொடுத்துவிட்டு சார்ஜரை மாற்றாமல் விடுவது. மூன்று செல் வரிசையாக வைத்த லித்தியம் பேக் 12.6 வோல்டில் நிரம்பிவிடும். லெட் ஆசிட் சார்ஜர் 14 வோல்டுக்கு மேலும் தள்ளும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு மட்டமானதாக இருந்தால் செல் உப்பும், தீப்பிடிக்கும். உரமூட்டை அடுக்கிய அறையில் ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பேக்குக்கு உரிய சார்ஜர் தராவிட்டால் வாங்காதீர்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பேட்டரியின் சீரியல் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பில்லில் மோட்டார், பேட்டரியின் பிராண்டும் ஏ.எச். அளவும் எழுதி வாங்குங்கள். துண்டுச்சீட்டில் தொகை மட்டும் எழுதித் தந்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.