தமயந்தியைப் பார்த்து எண்ணெய் வர்ணம் பழகிய கதை

பூச்சாடி, மாம்பழம் என்று தொடங்காமல் நேரே, அன்னத்தின் பக்கத்தில் தமயந்தி நிற்கும் ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி'யை (1899) பார்த்து வரைய எடுத்தேன். ஒரு வருடம் தாண்டிவிட்டது. எண்ணெய் வர்ணம் பழக இது நல்ல வழிதான், ஆனால் அவசரக்காரர்கள் அக்ரிலிக்கோடு நின்றுகொள்ளலாம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு நான் பார்த்ததெல்லாம் திரையிலும் அச்சிலும்தான். சேலைச் சிவப்பு படத்துக்குப் படம் வேறு. அதனால் நிறத்தை நம்பாமல், வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்பதை மட்டும் முதலில் பிடித்தேன். கட்டம் போட்டு உருவத்தைக் கன்வஸுக்குக் கொண்டுவந்து, அம்பர் (umber) பழுப்பை டர்பன்டைனில் கரைத்து முழுப் படத்தையும் ஒற்றை நிறத்தில் முடித்தேன். உண்மையான படிப்பு இங்கேதான் நடந்தது. சாய்ந்து நிற்கும் உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது பழுப்பிலேயே தெரியாவிட்டால், பிறகு எந்தச் சிவப்பும் காப்பாற்றாது.

நகைகள் தனி ருசி. பழுப்புக் கோடு, அதன்மேல் மஞ்சட்காவி, வெளிச்சம் படும் இடத்தில் கடுகளவு வெளிர்மஞ்சள். தள்ளி நின்றால் பொன். அந்தப் புள்ளியை வைத்த கையோடு தூரிகையை எடுத்துவிட வேண்டும், தேய்த்தால் பித்தளையாகிவிடும்.

பக்கத்து வீட்டு அம்மா அன்னத்தைப் பார்த்ததும், "சரஸ்வதியோ பிள்ளை? வீணையைக் காணேல்லையே" என்றார். கலண்டர் படப் பழக்கம். அதில், 1894இல் ரவிவர்மா தொடங்கி, சாமிப் படங்களை அச்சிட்ட அச்சகத்துக்கும் பங்குண்டு.

எண்ணெய் வர்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அம்பர் சீக்கிரம் இறுகும், ஐவரி கறுப்பு இழுத்தடிக்கும். கூந்தலை அதனால் மெல்லிசாகவே போட்டேன். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். இது மாறினால் பின்னால் பூச்சில் வெடிப்பு விழும். கச்சான் எனும் வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வேலை ஓடும், தூசிதான் தொல்லை. மாரியில் கன்வஸ் தொய்ந்து, சட்டத்தின் ஆப்புகளைத் தட்டி இறுக்க வேண்டியிருந்தது.

மாணவர் தரக் குழாய்கள் போதும், வெள்ளையை மட்டும் நல்லதாக வாங்குங்கள். தோல் நிறமெல்லாம் அதில்தான் நிற்கிறது. அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயவிடுங்கள்.

சொல்லித்தர ஆளில்லை என்று யோசிப்பவர்களுக்கு: ரவிவர்மாவுக்கும் அரண்மனை ஓவியர் கற்பிக்க மறுத்தார். அந்த ஓவியரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாராம். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார்.

வார்னிஷ் இன்னும் பூசவில்லை. தடித்த இடங்கள் உள்வரை இறுக ஆறு மாதமாவது வேண்டும், மாரியும் கழியட்டும்.